மணிக்குக் கொடுத்த ஆடு

எங்கள் வீட்டில் பேய்க்கதை பேசினால் அடி விழும். என் தந்தை காலத்திலும் அப்படித்தான், என் காலத்திலும் அப்படித்தான். ஆகவே இதைப் படிப்பவர்கள், கிழவன் பொழுது போகாமல் கயிறு திரிக்கிறான் என்று நினைக்க வேண்டாம். இதில் ஒரு சொல் பொய்யானாலும், எங்கள் முன்னோர் அறையில், நான் இறந்தபின் வைப்பதற்கென்று விட்டு வைத்திருக்கும் என் பெயர்ப்பலகையின் இடம் என்றைக்கும் காலியாகவே கிடக்கட்டும். எங்கள் மக்களுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் இல்லை.

நடந்தது. என் கண் முன்னால் நடந்தது.

என் பெயர் துவான் கெஜியான். பீக்கிங் நகரின் தென்புறத்தில் பழைய அரச வேள்விக் கூடம் ஒன்று இருக்கிறது. அதில் பதினாறு மணிகள், மேல் வரிசையில் எட்டு, கீழ் வரிசையில் எட்டு. வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசியவை. வெளிப்பார்வைக்குப் பதினாறும் ஒரே அளவு. சுவரின் கனத்தில்தான் வேறுபாடு. கனம் கூடக் கூட ஓசை உயரும். உள்ளே நாக்குக் கிடையாது. வெளியிலிருந்து மரச்சுத்தியால் அடிக்க வேண்டும். உடம்பெல்லாம் மேகச் சுருள்கள். தலையில் தொங்குவதற்கு வளையமாக இரண்டு டிராகன்கள் முதுகோடு முதுகு ஒட்டி வளைந்திருக்கும். எல்லா டிராகன்களுக்கும் வாய் திறந்திருக்கும். முதல் மணியின் டிராகன்களுக்கு மட்டும் வாய் மூடியிருக்கும்.

அவற்றை வார்த்தவர் எனக்கு ஆறு தலைமுறை மூத்த பாட்டனார். அன்றிலிருந்து பேரரசு விழுந்த நாள்வரை அவற்றைத் துடைத்ததும் சுருதி பார்த்ததும் எங்கள் குடும்பம். எங்கள் வாசலில் அரசவை கொடுத்த மரப்பலகை தொங்குகிறது. ‘பழுதற்ற ஓசை’ என்று பொன்னெழுத்தில் பொறித்தது. தெருவில் போகும் நாய்கூட அந்தப் பலகைக்குக் கீழே கால் தூக்காது என்று என் தந்தை சொல்வார்.

புதிதாக வார்த்த மணிக்கு இரத்தம் பூச வேண்டும் என்பது மிகப் பழைய முறை. விலங்கு ஒன்றை அறுத்து, அதன் இரத்தத்தால் வார்ப்பின் கீறல்களை அடைப்பார்கள். எங்கள் பாட்டனார் முதல் மணியை வார்த்தபோது உள்ளே, உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு விரிசல் விட்டது. முதல் மணிதான் எல்லாவற்றிலும் மெல்லியது; வார்ப்பதற்கு மிகக் கடினமானது. விரிசல் விட்ட மணியை அரசவைக்குக் கொடுத்தால் தலை போகும். பாட்டனார் ஆடு கொடுத்தார். விரிசல் மூடியது. எங்கள் வீட்டில் இதை இப்படித்தான் சொல்வார்கள்: “மணிக்கு ஆடு கொடுத்தோம்.” அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அந்த ஆட்டுக்கு நன்றியாக, ஆண்டுதோறும் குளிர்காலத்தின் நடுநாளில், முன்னோர் அறையில் ஒரு கிண்ணம் தினைக் கஞ்சியும் உப்பிட்ட முள்ளங்கியும் வைப்போம். பக்கத்தில் சாப்பிடும் குச்சிகள் ஒரு சோடி. குச்சிகளை இடப்புறம் வைக்க வேண்டும். அது முறை.

என் மகன் ஷாவ்வென் சின்னவனாக இருந்தபோது ஒரு தடவை கேட்டான்.

“அப்பா, ஆடு குச்சியிலயா சாப்பிடும்?”

அறைந்தேன். முறையைக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

பேரரசு போய் இருபது வருடம் ஆகியிருந்தது. மணிகள் ஒரு தொல்பொருள் குழுவின் கைக்குப் போய்விட்டன. அந்தக் குழுவில் சூய் என்று ஒருவர். வெளிநாட்டில் படித்தவர், தோல் காலணி போட்டுக்கொண்டு டக் டக் என்று நடப்பார். அவர் பதினாறு மணிகளையும் அடித்துப் பார்த்துவிட்டு, குழுவின் நடுவில், தேநீர் உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

“துவான் ஐயா, கோவிச்சுக்காதீங்க. பதினஞ்சு மணி பாடுது. ஒண்ணு மட்டும் இருமுது. ஏன்?”

“அது முதல் மணி. அதோட குரல் அப்படித்தான்.”

“எங்க ஊர்ச் சந்தையில பானை வாங்கறப்ப தட்டிப் பார்ப்பாங்க. இந்தச் சத்தம் வந்தா வெச்சுட்டு நடையைக் கட்டிருவாங்க.”

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

“வெள்ளைக்காரப் படை ஊருக்குள்ள நுழைஞ்ச கலவர வருசத்துல இந்த ஊர்ல யார் யாரோ எதை எதையோ வெள்ளைக்காரனுக்கு வித்தாங்க,” என்றார் சூய். “அசலைக் குடுத்துட்டு அதே அளவுல ஒரு போலியை மாட்டி வெக்கிறது பெரிய வித்தையா? சாவி உங்க வீட்லதானே இருந்துச்சு?”

என் காதுமடல் சூடாகியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

“அந்த மணிக்குள்ள ஒரு தழும்பு இருக்கு. எங்க குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு வாங்க. உங்க கையாலேயே தொட்டுப் பாருங்க. இருந்தா, எல்லார் முன்னாலயும் மூணு தடவை குனிஞ்சு வணங்கணும்.”

“இல்லேன்னா?”

“எங்க வாசல்ல தொங்கற பலகையை நானே கழட்டிக் கொண்டுவந்து உங்க அடுப்புல வெக்கிறேன்.”

சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் தெருவில் இறங்கியதும் நெஞ்சில் ஒரு முள். குடும்பத் தலைவனாகும்போது ஒரே ஒரு முறை அந்தத் தழும்பைத் தொட வேண்டும் என்பது விதி. நான் தொட்டது இளமையில். ஒரு சாண் நீளம், காய்ந்த பொருக்கு மாதிரி சொரசொரப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் மூன்று தடவை படைகள் வந்து தங்கியிருக்கின்றன. குதிரை கட்டியிருக்கிறார்கள். சமைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே எவனாவது மாற்றியிருந்தால்?

முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அன்றைக்கே.

ஷாவ்வெனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பிறந்ததுமே ஒன்று என்று தொடங்கும் எங்கள் கணக்கில் அவனுக்கு அப்போது இருபத்தைந்து. தபால் அலுவலகத்தில் வேலை. நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசமாட்டான், மனசுக்குள் சிரித்துக்கொள்வான். அவன் மனைவி பெய்ரூ வாசல்வரை ஓடிவந்து அவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு அரைநாடா இருக்கிறதா என்று. அது ஆட்டு ஆண்டு. அவன் பிறந்ததும் ஆட்டு ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிறந்த விலங்கின் ஆண்டு திரும்பி வரும்போது கெட்டது தேடிவரும், சிவப்பு கட்டினால் விலகிப்போகும் என்று எங்கள் பெண்கள் நம்புவார்கள்.

“குளிக்கறப்பகூடக் கழட்டக் கூடாது, ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“எங்க அலுவலகத்துல எல்லாரும் என்னைப் பொட்டலம்னுதான் கூப்பிடறாங்க,” என்றான் அவன். “கட்டியாச்சு, முத்திரை குத்தறதுதான் பாக்கி.”

கூடத்தை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. வடமேற்கு வானம் பழுத்த மஞ்சளாக இருந்தது. காவல்காரர் ஹூ முகத்தில் துணி சுற்றிக்கொண்டு வாயிற்கதவைத் திறந்தார்.

“துவான் ஐயா, சாப்பிட்டாச்சா? இன்னிக்குக் காத்து கோபி பாலைவனத்தையே மூட்டை கட்டித் தூக்கிட்டு வருது. பாதியை அங்கேயே வெச்சுட்டு வாடான்னா கேக்க மாட்டேங்குது.”

“விளக்கு இருக்கா?”

“இருக்கு. எண்ணெய்தான் இல்ல. நீங்க போங்க, எடுத்துட்டு வரேன்.”

நாங்கள் முற்றத்தைக் கடப்பதற்குள் புழுதிப் புயல் வந்துவிட்டது. வசந்தத்தில் இது புதிதல்ல. ஆனால் அப்படி ஒரு புயலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மஞ்சள் சிவப்பானது. சிவப்பு பழுப்பானது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியபோது நல்ல பகலிலேயே கூடம் இருண்டு கிடந்தது. காகிதச் சன்னல்களில் மணல் ‘சரக்… சரக்…’ என்று விழுந்தது.

மணிகள் தெரிந்தன. பதினாறும் இருந்த இடத்தில் இருந்தன.

பக்கத்தில் போனேன். சன்னல் இடுக்குகள் வழியே வந்த புழுதி எல்லா மணிகள் மேலும் கனமாகப் படிந்திருந்தது. தங்கம் தெரியவில்லை. மேகங்கள் தெரியவில்லை.

முதல் மணியில் மட்டும் ஒரு துகள் இல்லை.

கீழ் வரிசையில், ஓரத்தில், யாரோ அப்போதுதான் துடைத்து வைத்ததுபோல் மினுங்கியது.

‘ஹூ துடைத்திருப்பார்,’ என்று நினைத்தேன். மணிகள் தொங்கும் மரச்சட்டத்தின் அடியில் மரச்சுத்தி இடப்புறம் கிடந்தது. சுத்தி வலப்புறம்தான் இருக்க வேண்டும். ஒழுங்கு தெரியாத ஆட்கள். எடுத்து வலப்புறம் வைத்தேன்.

ஷாவ்வென் மூக்கை உறிஞ்சினான்.

“அப்பா, கஞ்சி வாசனை வருது.”

எனக்கும் வந்தது. தினைக் கஞ்சி. கொதிக்கக் கொதிக்க இறக்கி வைத்த வாசனை. அந்தக் கூடத்தில் அடுப்பு எரிந்து எத்தனையோ காலம்.

“காவல்காரன் சமைக்கிறான். வேலையைப் பாரு.”

என் விரல் முட்டிகள் வாதத்தால் வீங்கியவை. மணியின் வாய்க்குள் போய் மடங்காது. மகன்தான் கை விட வேண்டும். அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். மேலங்கி விலகி, சிவப்பு நாடாவின் நுனி வெளியே தொங்கியது.

“அதைக் கழட்டு,” என்றேன்.

“அப்பா… பெய்ரூ…”

“இது வேள்விக் கூடம். இங்க நீலம் உடுத்தணும். ஆறு தலைமுறையா நம்ம ஆளுங்க யாரும் இந்த மணி முன்னால சிவப்பு உடுத்தி நின்னதில்ல. வெளியில வெச்சுட்டு வா.”

அவன் என்னைப் பார்த்தான். மனசுக்குள் சிரிக்கவில்லை. நாடாவை அவிழ்த்தான், கொண்டுபோய்க் கதவின் வெளிப்பிடியில் கட்டிவிட்டு வந்தான். கதவைத் திறந்து மூடிய அந்த இடைவெளியில் புழுதி ஒரு கவளம்போல் உள்ளே வந்து விழுந்தது.

விதியைக் காத்தேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அவன் மறுபடி மண்டியிட்டான். அப்போது சன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“நீங்க என்ன?”

எங்கள் ஊரில் இப்படித்தான் கேட்பார்கள். எந்த விலங்கின் ஆண்டில் பிறந்தாய் என்று அர்த்தம். ஹூ எண்ணெயோடு வந்துவிட்டார், புயலுக்கு ஒதுங்கி நின்று கதை கேட்கிறார் என்று நினைத்தேன். இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா? எரிச்சலோடு சொன்னேன்.

“நாய்.”

மணல் மட்டும்… ‘சரக்… சரக்…’

பிறகு அதே குரல். இந்த முறை சன்னல் பக்கம் இல்லை. இன்னும் கிட்டத்தில். இன்னும் தாழ்வாக.

“நீ?”

ஷாவ்வென் யோசிக்கவே இல்லை. யாராயிருந்தாலும் யோசிக்க மாட்டார்கள். பழகிய கேள்வி, பழகிய பதில்.

“ஆடு,” என்றான்.

காற்று நின்றது.

அவ்வளவு பெரிய புயல், ஒரு கணத்தில், அப்படியே நின்றது. மணல் விழவில்லை. கூரை ஓடு தடதடக்கவில்லை.

“ஹூ?” என்று கூப்பிட்டேன்.

யாரும் இல்லை.

ஷாவ்வெனின் வலது கை மணிக்குள் போயிருந்தது. மணிக்கட்டைத் தாண்டி. அவன் முகம் எனக்குப் பாதிதான் தெரிந்தது.

“இருக்கா?”

“இருக்குப்பா. தழும்பு இருக்கு. நீளமா… சொரசொரன்னு…”

பெருமூச்சு விட்டேன். மானம் பிழைத்தது.

“ஆனா, இது சூடா இருக்கு.”

“கையை எடு. போதும்.”

அவன் எடுக்கவில்லை.

“ஷாவ்வென். கையை எடு.”

“எடுக்க முடியலப்பா…”

“என்ன?”

“யாரோ புடிச்சிருக்காங்க.”

அவன் குரலில் விளையாட்டு இல்லை. நான் மணியைப் பிடித்தேன். தங்கமுலாம் என் உள்ளங்கையில் துடித்தது. காய்ச்சல்காரன் நெற்றிபோல் கொதித்தது.

“சின்னக் கை அப்பா… ரொம்பச் சின்னக் கை…”

அவன் தோளைப் பற்றி இழுத்தேன்.

ம்ம்ம்ம்…

மணி அல்ல. மணி அப்படி ஒலிக்காது. வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகினால் வரும் ஓசை.

ம்ம்ம்ம்ம்…

இழுத்தேன்.

கால் எதையோ தட்டியது. மரச்சுத்தி. இடப்புறம் கிடந்தது.

கூடம் முழுக்க இருண்டது.

என் கையில் அவன் தோள் இருந்தது.

பிறகு இல்லை.

“ஷாவ்வென்!”

…

“ஷாவ்வென்!”

…

டொக்.

ஒரே ஒரு அடி. முதல் மணி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. புயல் மறுபடி இரைந்தது. கதவு திறந்தது. ஹூ விளக்கோடு நின்றார், உடம்பெல்லாம் மண்.

“மன்னிச்சுக்குங்க ஐயா. காத்துல கால் ஊன முடியல. இவ்வளவு நேரமும் வாசல் அறையிலேயே அடைஞ்சு கிடந்தேன்.”

விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஷாவ்வென் மணிச்சட்டத்தின் அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் காயம் இல்லை. கண் திறந்திருந்தது.

“எழுந்திரு. போகலாம்.”

எழுந்தான். கதவின் வெளிப்பிடியில் சிவப்பு நாடா இல்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்றார் ஹூ. திரும்பி ஒரு முறை பார்த்தேன். முதல் மணியின் தலையில், வாய் மூடிய இரண்டு டிராகன்களின் கழுத்தைச் சுற்றி, ஒழுங்காக முடிச்சுப் போட்டு…

ஹூவிடம் காட்டவில்லை. நானே அவிழ்த்து அங்கிக்குள் வைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் அவன் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். வளர்ந்த ஆண்பிள்ளை. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். எங்கள் சந்து திரும்பும் இடத்தில் மெல்லச் சொன்னான்.

“அண்ணா.”

யாரையோ கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

“அண்ணா… வலிக்காதுன்னு சொன்னீங்களே.”

புழுதி தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் படுக்க வைத்தோம்.

மறுநாள் குழு வந்தது. வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. சூய் சட்டைக்கையை மடித்துக்கொண்டு மணிக்குள் கைவிட்டார். அவர் முகம் மாறுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

“இருக்கு,” என்றார். “தழும்புதான். ஆனா ஈரமா இருக்கே.”

கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தார். வெள்ளைக் கைக்குட்டையில் செம்பழுப்பாக ஒரு கறை.

“துரு,” என்றார்.

வெண்கலத்தில் பச்சைத் துருதான் பிடிக்கும்.

பிறகு மணியை அடித்தார்கள்.

ண்ண்ண்ணங்…

கூடமே நிமிர்ந்தது. அப்படி ஒரு ஓசையை அந்த மணியிலிருந்து நானோ, என் தந்தையோ, அவருடைய தந்தையோ கேட்டதில்லை. அடைப்பு எடுத்த தொண்டைபோல், தெளிவாக, நீளமாக, முடிய மனமில்லாமல் ஒலித்தது. குழுத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதைப் போயா போலின்னீங்க சூய்?”

சூய் என் முன் வந்து நின்றார். ஒன்று. இரண்டு. மூன்று. தலை இடுப்புவரை தாழ்ந்தது. அவர் கழுத்து சிவந்திருந்தது.

எங்கள் வாசல் பலகை தப்பியது.

அன்று மாலை வீட்டில் விருந்து வைத்தேன். மீன், எள் ரொட்டி, சூடான மது. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஷாவ்வென் எழுந்து வந்து பெய்ரூ பக்கத்தில் உட்கார்ந்தான். குச்சிகளை எடுத்தான்.

இடது கையில்.

எங்கள் வீட்டில் யாரும் இடது கையால் குச்சி பிடித்ததில்லை. பிடிக்க விட்டதில்லை. அதுவும் விருந்தாளிகள் முன்னால். கையை ஓங்கினேன்.

அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

“அடிக்காதீங்கண்ணா! வலது கையிலயே சாப்பிடறேண்ணா!”

மேசையின் கோடியில் என் அத்தை உட்கார்ந்திருந்தாள். என் தந்தையின் தங்கை, எண்பதைத் தாண்டியவள், நாக்கில் கத்தி வைத்திருப்பவள். அவள் வாயிலிருந்த புகைக்குழாய் மடியில் விழுந்தது. எடுக்கவில்லை. நெருப்பு பாவாடையைப் பொசுக்கியது. அதற்கும் அசையவில்லை.

“நேத்து அவன் எங்க போனான்?” என்று கேட்டாள்.

“மணிக் கூடத்துக்கு.”

“மணியைத் தொட்டானா?”

“தொட்டான். நான்தான் தொடச் சொன்னேன்.”

அத்தை எழுந்து என் முழங்கையைப் பிடித்து முன்னோர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள்.

“உங்கப்பன் உங்கிட்ட சொல்லலையா? ஆட்டு ஆண்டுல பொறந்த ஆம்பளப் புள்ள எவனையும் அந்தக் கூடத்து வாசப்படி ஏற விட்டதில்லையே அவன்!”

“எதைச் சொல்லணும்?”

“மணிக்குக் குடுத்தது எதுன்னு.”

“ஆடு. எல்லாருக்கும் தெரியும்.”

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பரிதாபமா, ஏளனமா, தெரியவில்லை.

“ஆமா. ஆடுதான். பாட்டன் அரசவையிலயும் பொய் சொல்லல. ‘ஆடு கொடுத்தோம்’னுதான் சொன்னாரு.” குரலைத் தாழ்த்தினாள். “நாலு கால் ஆடு அறுத்துப் பூசினாங்க. விரிசல் மூடல. மறுநாள் அதிகாரிங்க வரணும். பாட்டனுக்குத் தம்பி ஒருத்தன் இருந்தான். பதிமூணு வயசு. இடது கைக்காரன். அதுவும் ஆட்டு ஆண்டு, அவன் பொறந்ததும் ஆட்டு ஆண்டு.”

முன்னோர் அறையில் ஊதுபத்திச் சாம்பல் தானாக உதிர்ந்தது.

“கஞ்சின்னா உசுரை விடுவானாம்,” என்றாள் அத்தை. “வலிக்காதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாராம்.”

அவளே சொன்னாள்.

“பாட்டன் நாய் ஆண்டு. உன்ன மாதிரி.”

இவை அனைத்தும் நடந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பெய்ரூ ஒரு மாதத்துக்குள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். “அது என் புருசன் இல்ல,” என்று மட்டும் சொன்னாள். நான் தடுக்கவில்லை. வெளியில் கேட்பவர்களிடம் மகனுக்கு நரம்புத் தளர்ச்சி என்று சொல்கிறோம். அவன் என்னோடுதான் இருக்கிறான். சொன்னதைக் கேட்கிறான். இருட்டினால் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்கிறான். என்னை அண்ணா என்றே கூப்பிடுகிறான். வேலைக்காரர்கள் முன்னால் கூப்பிடக் கூடாது என்று கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

மணிகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். துவான் குடும்பத்தார் வார்த்தது என்று அட்டையில் எழுதியிருக்கிறது. திருவிழா நாட்களில் அடிக்கிறார்கள். முதல் மணியின் ஓசையைக் கேட்பவர்கள் அழுகிறார்களாம். ஏன் அழுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம். நான் போவதில்லை.

புயல் வந்த அந்த ஆண்டே குளிர்காலத்தின் நடுநாள் வந்தது. முறை முறைதான். கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முள்ளங்கி வைத்தேன். குச்சிகளை எடுத்து, ஆறு தலைமுறை வழக்கப்படி, இடப்புறம் வைக்கப் போனேன்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பக்கத்து அறையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கஞ்சி உறிஞ்சும் சத்தம். கிண்ணத்தில் குச்சி தட்டும் சத்தம்.

“கஞ்சிக்குச் சொந்தக்காரன்தான் அங்க உக்காந்து சாப்பிடறானே,” என்றாள். “இந்தக் கிண்ணம் யாருக்கு?”

அவளே குச்சிகளை என் கையிலிருந்து வாங்கினாள்.

வலப்புறம் வைத்தாள்.